முப்பத்து மூன்று முழம்

இருபத்திரண்டு ஆண்டுகளாக அஞ்சுகத்தின் உத்தியோகம் ஒரே ஒரு சொல்லைச் சொல்வதுதான். ஆண்டுக்கு ஒரு முறை நடுவூர் மடத்து முற்றத்தில் ஊரே கூடி நிற்கும். அங்கே நிற்கும் கல்தூணின் நிழல் நுனி எந்தக் கல்லில் விழுகிறது என்று அவள் குனிந்து பார்ப்பாள். நிமிர்ந்து, "அங்கேயே" என்பாள். மேளம் கொட்டும். ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுப்பார்கள். நிம்மதியாக எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள்.

அந்த உலகத்தில் சுடர் உதிப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. மேற்கு மலைக்கு மேலே சிவந்து பெருத்து எந்நேரமும் ஒரே இடத்தில் நின்றது. உலகத்தின் ஒரு பாதி ஓயாமல் எரிந்தது, மறு பாதி உறைந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடந்த அந்தி நிலத்தில் அறுபதாயிரம் பேர் பிழைத்தார்கள். நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள். கப்பலையும் மறந்தாயிற்று, கிளம்பி வந்த உலகத்தையும் மறந்தாயிற்று. பேச்சும் மடமும் மிஞ்சியிருந்தன. மடத்து மணி அடித்தால் தூங்கினார்கள், மறுபடி அடித்தால் எழுந்தார்கள். அதற்கு ஒரு விழிப்பு என்று பெயர். எழுந்ததும், முதல் கவளத்தை வாயில் வைக்குமுன் சொல்வார்கள்: "சுடர் நின்றது, நாம் வந்தோம். சுடர் நிற்கும், நாம் இருப்போம்."

அஞ்சுகத்தின் புருஷன் மூக்குக்கண்ணாடி தேய்ப்பவன். நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் விட்டுப்போன கண்ணாடி வில்லைகளில் இரண்டை ஒரு குழாயில் பொருத்தி, கரிப்புகை பிடித்து, சுடரைப் பார்க்க ஆரம்பித்தாள் அவள். பொழுதுபோக்கு என்றுதான் அக்கம்பக்கம் நினைத்தது. ஆனால் அவளுக்கு வேறொரு உறுத்தல் இருந்தது. வீட்டுக் கதவு உப்புகிறது, மடத்துச் சுவர் விரிகிறது, மணிகூட முன்னே பின்னே அடிக்கிறது. நிழல் மட்டும் இருபத்திரண்டு ஆண்டாக மயிரிழை பிசகாமல் ஒரே கல்லில் விழுகிறதே, அது எப்படி? அளப்பவளுக்கு அந்தத் துல்லியமே நெருடியது.

மேற்கு மலையில் ஒரு பிளவு உண்டு. சுடரின் கீழ்விளிம்புக்கும் அந்தப் பிளவுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஏழு ஆண்டு குறித்துவைத்தாள். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கடைசி இரண்டு ஆண்டில் குறைந்தது முதல் ஐந்து ஆண்டில் குறைந்ததைவிட அதிகம்.

முதலில் அதைச் சொன்னது மகள் தேனம்மையிடம். தேனம்மை வாழ்க்கைப்பட்டிருந்தது அரைச்சுடரில். கிழக்கே, பனியை ஒட்டிய கடைசி ஊர். பாதிச் சுடர்தான் தெரியும் என்பதால் அந்தப் பெயர். இப்போது கால்கூடத் தெரிவதில்லை. எதிர்மலையில் பனி ஏறி மறைக்கிறது என்று ஊர்க்காரர்கள் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

"இன்னும் எத்தனை வருஷம்மா?" என்று கேட்டாள் தேனம்மை. தலைப்பிள்ளை அவள் வயிற்றில், மூன்று மாதம்.

"உங்க ஊருக்கு ஆறு. காத்து முந்திக்கிட்டா அஞ்சு."

"ஏன் இப்படி ஆகுது?"

"தெரியலடி. கிழக்கே பனி ஏறிக்கிட்டே போகுதே, அந்தக் கனத்துல உலகம் மெல்லப் புரளுதோ என்னவோ. காரணம் எனக்குத் தெரியாது. அளவு தெரியும்."

தேனம்மை அதற்குமேல் கேட்கவில்லை. ஊருக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சிரித்தார்கள். "எங்க அம்மா அளவுல பொய் சொல்லமாட்டா" என்றாள். மறுபடி சிரித்தார்கள். நான்கு மாதம் விடாமல் பேசி, ஏழு குடும்பங்களை மூட்டை கட்ட வைத்தாள். அந்தச் செய்தி மடத்துக்கு வந்தது. அஞ்சுகத்தை வரச்சொல்லி ஆள் வந்தது.

மடத்துத் தலைமைத் தம்பிரானுக்கு எண்பது வயதிருக்கும். அவள் கொண்டுவந்த ஏட்டை முழுக்கப் படித்தார்.

"அளவு சரிதான் அம்மா," என்றார்.

அஞ்சுகம் எதிர்பார்க்காத பேச்சு அது. வாதாடத்தான் வந்திருந்தாள்.

"தூணைப் பத்திப் பிள்ளைங்க பாடுற பாட்டில என்ன வருது? முப்பத்து மூணு முழம்னு. யாராவது ஏறி அளந்ததுண்டா?"

"இல்லைங்க சாமி."

"இருபத்தொம்பது முழம். என் காலத்துல மட்டும் ரெண்டு. எண்ணெய்க்காப்புக்காகத் தூணைச் சுத்தித் திரை கட்டுறோமில்ல, அப்போ கல்தச்சர் இருளப்பன் மேலே ஏறி உச்சியைத் தேய்ப்பார். சுடர் இறங்க இறங்க நிழல் நீளும். தூணைக் குறைச்சா நிழல் பழைய கல்லுக்கே வந்துடும். நீங்க 'அங்கேயே'ம்பீங்க."

அவள் கேட்காமலே தரையில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு முன்னாலயும் ஒருத்தர் கண்டுபிடிச்சார். நூத்தி நாப்பது வருஷம் ஆச்சு. முற்றத்துல நின்னு சொல்லிட்டார். மேற்கே அப்போ குடிக்கத் தகுந்த கிணறு மூணே மூணு. அந்த மூணு கிணத்துக்கு ஊர் ஊரா வெட்டிக்கிட்டாங்க. பாதி சனம் போச்சு. சுடர் கொன்னது ஒருத்தரையும் இல்ல. அதுக்கப்புறந்தான் இந்தத் திரையும் தேய்ப்பும்."

"அரைச்சுடர்ல நானூத்துப் பன்னெண்டு பேர் இருக்காங்க சாமி."

"தெரியும். அவங்களை நான் எடுத்துடறேன். ரெண்டு அறுவடை கழியட்டும். மேற்கே புதுசா வாய்க்கால் வெட்டறோம், குடியேற ஆள் வேணும்னு சொல்லி அத்தனை பேரையும் கூட்டிக்கிறேன். யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. ஆனா நீங்க சொன்னதை நீங்களே இல்லைன்னு சொல்லணும். முற்றத்துல. அப்புறம் ஒருத்தர்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது. மகள்கிட்டயும்."

"அவகிட்டயாவது..."

"அவங்க வாய் சும்மா இருக்காது. ஏழு குடும்பம் மூட்டை கட்டியிருக்கு."

வெட்டிக்கொண்டு செத்த பாதி சனத்தையும் அரைச்சுடரின் நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் மாற்றி மாற்றி நினைத்தபடி அஞ்சுகம் மூன்று விழிப்பு சாப்பிடாமல் கிடந்தாள். நாலாவது விழிப்பில் எழுதிக் கொடுத்தாள். முற்றத்தில் நின்று உரக்கப் படித்தாள்: "என் கண்ணாடியில் கீறல் இருந்தது. அதைச் சுடரின் அசைவென்று எண்ணிவிட்டேன். சுடர் நிற்கிறது."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேனம்மை வந்தாள். ஏழு மாத வயிறு. பதினோரு விழிப்பு நடந்து வந்த கால்கள் வீங்கியிருந்தன.

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொன்னது பொய்யா?"

"கண்ணாடி கீறிப்போச்சுடி."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அஞ்சுகம் மகளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துச் சொன்னாள்.

தேனம்மை அழவில்லை. "அந்த ஊர்ல நான் எப்படித் தலை காட்டுவேன்னு ஒரு தடவை நினைச்சியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். ஏழு குடும்பங்களும் மூட்டையை அவிழ்த்தன. அவள் தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் விலகி நின்று, "சுடர் இருக்கா பாரு தேனம்மை" என்று கேட்டார்களாம். அங்கே நிமிர்ந்து வாழ அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஊரிலேயே பெரிய பக்தை ஆனாள். சுடர்ப்பூசைக்கு முதலில் வருபவளும் கடைசியில் போகிறவளும் அவளே என்று கேள்விப்பட்டபோது அஞ்சுகம் குழாயை எடுத்து அடுப்பில் வைத்தாள். பிள்ளை பிறந்தது, பெண், குமுதா என்று பெயர் என்பதும் ஒரு வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

ஒரு அறுவடை முடிந்தது. இரண்டாவது அறுவடைக்கு முன் தம்பிரான் பக்கவாதத்தில் விழுந்தார். நாற்பது விழிப்பு பேச்சில்லாமல் கிடந்து போய்ச்சேர்ந்தார்.

புதிய தம்பிரான் நாற்பது வயதுக்காரர். மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்.

"வாய்க்கால் வேலைன்னு சொல்லி அரைச்சுடரை எடுக்கிறதா பெரியவர் வாக்குக் குடுத்தார்," என்றாள் அஞ்சுகம்.

"பெட்டியைத் தேடிப் பாத்துட்டேன். அப்படி ஒரு வாக்கு எழுத்துல இல்ல."

"தூணைத் தேய்க்கிறீங்களே, அது உங்களுக்குத் தெரியாதா?"

அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "எண்ணெய்க்காப்பு பழைய சடங்கு. அதுல நான் கைவைக்க முடியாது. பெட்டியில இருக்கிறது ஒண்ணுதான் அம்மா. நீங்க எழுதிக் குடுத்தது. சுடர் நிற்கிறதுன்னு உங்க கையாலேயே."

அன்றே அஞ்சுகம் கிழக்கே நடந்தாள். வழி நெடுகக் குளிர் கூடிக்கொண்டே போனது. அரைச்சுடரில் இப்போது மலைமேல் தெரிந்தது வெட்டிய நகத்துண்டு அளவு. மகள் வீட்டு வாசலில் நின்று, கூடிய கூட்டத்துக்குக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள். மடத்தில் நடந்ததை, வாக்கை, தூணை.

தேனம்மை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்று கேட்டாள்.

"அன்னிக்குப் பொய் சொன்னேன்டி. இப்போ சொல்றது நிஜம். உன் முகத்தைப் பாத்துச் சொல்றேன்."

"போன தடவையும் என் முகத்தைப் பாத்துத்தான் சொன்னே."

அஞ்சுகம் நிலைப்படியை நோக்கி ஓரடி வைத்தாள்.

"உன்னை நம்பி ஒரு தடவை இந்த ஊர்ல நான் செத்துப் பிழைச்சேன். மறுபடி என்னால முடியாது. போயிடு."

"குழந்தையையாவது குடு. நாலு வருஷம் வெச்சிருந்து திருப்பித் தரேன்."

தேனம்மை உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அஞ்சுகம் ஆறு விழிப்பு வாசலிலேயே கிடந்தாள். ஏழாவது விழிப்பில் மருமகன் வந்து, பாவப்பட்டு, ஒரு கம்பளியும் கொஞ்சம் கிழங்கும் கொடுத்து அனுப்பிவைத்தான். அவள் சொன்னதைக் கிழவியின் பிதற்றல் என்று ஊர் தள்ளிவிட்டது; மடமும் கண்டுகொள்ளவில்லை, அவள் உத்தியோகத்தையும் பிடுங்கவில்லை.

சொன்ன ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. நகத்துண்டு நூலானது, நூல் அறுந்தது. சுடர் முழுதும் மறைந்த பதினேழாவது விழிப்பில் பனிக்காற்று இறங்கியது. ஊர் அப்போதும் கிளம்பவில்லை; பூசை நடந்துகொண்டிருந்தது. பூசைமண்டபத்தின் கூரை இறங்கியபிறகுதான் ஓடினார்கள்.

நடுவூருக்கு வந்துசேர்ந்தது நூற்று முப்பத்தொரு பேர். அஞ்சுகம் ஊர் எல்லையில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசியில் தேனம்மை வந்தாள். தனியாக. கையிரண்டையும் குழந்தையை ஏந்துவதுபோல மடக்கி வைத்திருந்தாள், கைகள் விறைத்து அப்படியே நின்றுவிட்டிருந்தன. வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அவற்றை நீட்ட மூன்று விழிப்பு பிடித்தது. மருமகன் பின்தங்கியவர்களைக் கூட்டிவரத் திரும்பிப் போனவன், வரவேயில்லை. குழந்தையை வழியில் எங்கே வைத்தார்கள் என்பதை அஞ்சுகம் கேட்கவில்லை.

மடம் அறிவித்தது: அரைச்சுடர் ஐயப்பட்டது, அதனால் சுடர் அந்த ஊருக்கு முகம் காட்டவில்லை. பிழைத்து வந்தவர்கள் அதை ஏற்றுக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஐயப்பட்டவர்களில் முதல் ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். தேனம்மை எல்லாரையும்விட அதிகமாகப் போட்டுக்கொண்டாள்.

தாயும் மகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள், பேச்சில்லை. நிழல் அளக்கும் நாள் நெருங்கியது. அதற்கு முந்திய விழிப்பில் அடுப்படியில் வந்து உட்கார்ந்து தேனம்மையே வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு நீ சொல்லப்போறே. எனக்குத் தெரியும். உன் முகத்துல இருக்கு."

"அடுத்தது வெண்கரைடி. தொள்ளாயிரம் பேர். ரெண்டரை வருஷந்தான்."

"அங்கேயேன்னு சொல்லும்மா."

அஞ்சுகம் அடுப்பிலிருந்து பார்வையை எடுத்தாள்.

"சுடர் எங்களைத் தண்டிச்சுதுன்னா நான் அதை ஏத்துக்கிட்டு இருந்துடுவேன். தப்புப் பண்ணேன், வாங்கிக்கிட்டேன். ஆனா நகர்ந்துதுன்னு வை." தேனம்மையின் குரல் தாழ்ந்தது. "நீ வாசல்ல வந்து நின்னே. ஆறு விழிப்பு. குழந்தையைக் குடுன்னு கேட்டே. நான் கதவைச் சாத்திட்டேன். அப்படித்தானே ஆகும்? அதோட என்னால இருக்க முடியாதும்மா."

"உன்னைப் பொய்யால மூடினது நான். கதவைச் சாத்தினதும் நான்தான்."

"அதெல்லாம் வேணாம். எனக்கு வெண்கரை வேணாம். ஒரே ஒரு சொல்லு. இத்தனை வருஷமாச் சொன்னதுதானே."

அஞ்சுகம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்ததும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள், எத்தனையோ ஆண்டுக்குப் பிறகு. தேனம்மை தூங்கிப்போனாள். அஞ்சுகம் அவள் தலையை வருடிக்கொண்டே விழித்திருந்தாள்.

முற்றம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அரைச்சுடர்க்காரர்கள், அவர்கள் நடுவே தேனம்மை. அஞ்சுகம் குனிந்து நிழலைப் பார்த்தாள். பழைய கல்லிலேயே இருந்தது. நிமிர்ந்தாள்.

"நிழல் அங்கேயேதான் இருக்கு," என்றாள். மேளக்காரர் குச்சியை ஓங்கினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "தூண் அங்கேயே இருக்கான்னு பாக்கணும். பாட்டில முப்பத்து மூணு முழம். யாராவது மேலே ஏறி ஒரு கயிறு விடுங்க."

தம்பிரான் எழுந்தார். கூட்டத்தில் சலசலப்பு. யாரும் முன்வரவில்லை. பிறகு தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஓரமாக நின்றிருந்த கல்தச்சர் இருளப்பன் துண்டை இறுக்கிக் கட்டினார். எழுபது வயது, கை நடுக்கம். "நான் ஏறறேன்," என்றார். "வழி எனக்குத் தெரியும்."

கயிறு இறங்கியது. உச்சியில் பிடித்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் கீழே எறிந்தார். மடத்தின் பித்தளை முழக்கோலை வைத்து அஞ்சுகம் அளக்க, கூட்டம் தானாகவே எண்ணத் தொடங்கியது. பத்துவரை உற்சாகம் இருந்தது. இருபதில் குரல் குறைந்தது. இருபத்தெட்டில் கயிறு தீர்ந்துபோனது. இருபத்தொன்பது என்று சொல்லத் திறந்த வாய்கள் அப்படியே நின்றன.

எல்லாரும் தம்பிரானைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் கோபம் இருந்தது, பயம் இருந்தது. வியப்பு மட்டும் இல்லை. கூட்டம் அதைக் கண்டுகொண்டது.

"சுடர் நகருது," என்றாள் அஞ்சுகம். "அரைச்சுடர் ஒரு பாவமும் பண்ணல. அடுத்தது வெண்கரை."

சொல்லும்போது அவள் மகளைத்தான் பார்த்தாள். தேனம்மை முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனாள். அஞ்சுகம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதற்குள் மடத்து ஆட்கள் அஞ்சுகத்தின் கையைப் பிடித்துவிட்டார்கள்.

மடத்துக் களஞ்சியத்தை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே அவளை வைத்தார்கள். வெளியே சண்டை நடப்பதும் ஓய்வதும் காவல்காரர்களின் பேச்சில் அரைகுறையாகக் காதில் விழும். மேற்கே ஓடியவர்கள் உண்டு, அடித்துக்கொண்டவர்களும் உண்டு. பெரியவர் பயந்த அளவுக்கு இல்லை, கொஞ்சமும் இல்லாமலும் இல்லை. அந்தக் கொஞ்சத்தில் செத்தவர்களின் பெயர்களைக் கேட்டுக் கேட்டு அவள் மனப்பாடம் செய்துவைத்தாள். தேனம்மையைப் பற்றி மட்டும் ஒரு தகவலும் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து இருளப்பன் பார்க்க வந்தார். தூணில் ஏறியதற்காக அடைத்துவைத்திருந்த அவரை அப்போதுதான் விட்டிருந்தார்கள். தரையில் எதிரே உட்கார்ந்தார்.

"வெண்கரை காலியாயிடுச்சு அம்மா."

"மடம் ஒத்துக்கிச்சா?"

"மடம் இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கு. ஒரு பொம்பளை போயிருக்கா. ஒண்ணேகால் வருஷம் அங்கேயே கிடந்திருக்கா. வீடு வீடா ஏறினா, கல்லால அடிச்சாங்க, மறுபடி ஏறினா. ஒவ்வொரு வீட்லயும் பிள்ளைங்க பேரைக் கேப்பாளாம். அவங்க சொன்னதும் தன் பிள்ளை பேரைச் சொல்வாளாம். கதவைச் சாத்தின கதையை ஒண்ணு விடாம சொல்வாளாம்."

அஞ்சுகம் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சுடர் நகருதுன்னு யார் சொன்னதுன்னு கேட்டா?"

"நிழல் அளக்கிறவ ஒருத்தி சொன்னான்னு சொல்வாளாம்."

"அம்மான்னு சொல்லலையா?"

இருளப்பன் தரையைப் பார்த்தார். "இல்லம்மா."

"எத்தனை பேர் வந்தாங்க?"

"அத்தனை பேரும். தொள்ளாயிரத்துப் பதினாலு."

"அவ வந்தாளா?"

"அதுக்கு அடுத்த ஊருக்குப் போயிட்டா. அப்புறம் அதுக்கடுத்தது. இருட்டுக்கு முன்னால ஒவ்வொரு ஊரா மேற்கே வரதா முடிவு பண்ணியிருக்கா."

"அப்போ நடுவூருக்கும் வருவா."

"முறை வரும்போது வருவா."

அவர் போனபிறகு அஞ்சுகம் சுவரில் கரித்துண்டால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு தடவை தப்பியிருக்குமோ என்று அழித்துவிட்டு மறுபடி போட்டாள். நடுவூர் இருட்ட இன்னும் நாற்பத்தொரு ஆண்டு இருந்தது. அவளுக்கு வயது அறுபத்து மூன்று.